பகலுக்கும் இரவுக்கும் ஒரு தொலைநோக்கி

பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். பக்கத்திலேயே சனிக் கோளின் வண்ணப்படம், விண்கலம் எடுத்தது. பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தொலைநோக்கி வாங்கப் போகும் பெற்றோரின் கண்ணில் முதலில் படுவது அந்தப் பெட்டிதான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகப்பில் உள்ள லென்ஸ் அல்லது ஆடியின் குவியத் தூரத்தை, கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். இந்தக் கருவியின் குவியத் தூரம் 700 மி.மீ. பெட்டிக்குள் இருப்பதிலேயே சிறிய ஐபீஸ் 4 மி.மீ. வகுத்தால் 175. கூடவே மும்மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றும் இருக்கும். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கருவியின் ஆடி 76 மி.மீ. விட்டம் கொண்டது. அது பிடித்துக் கொடுக்கும் ஒளியை 525 மடங்கு விரித்தால், ஐபீஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். சனி அதில் மங்கிப்போன, நடுங்குகிற ஒரு கறையாகத் தெரியும். இரண்டு நாள் முயன்று பார்த்த பிள்ளை மூன்றாம் நாள் கருவியைப் பரணில் ஏற்றிவிடும். அந்தப் பிள்ளைக்கு வானத்தில் ஆர்வம் இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது அந்தத் தவறான முடிவுதான்.

ஒரு தொலைநோக்கியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல் இருமடங்குதான் அதன் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. 76 மி.மீ. கருவிக்கு ஏறத்தாழ 150. தயாரிப்பாளர் எவ்வளவு திறமைசாலியானாலும் இதைத் தாண்ட முடியாது. ஒளி அலையாக இருப்பதால் வரும் எல்லை இது. எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்த லென்ஸானாலும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் குவிக்காது, ஒரு சிறு வட்டாகவே குவிக்கும். லென்ஸ் சிறியதாக இருக்க இருக்க அந்த வட்டு பெரிதாகும். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. 70 மி.மீ. லென்ஸால் 1.7 விகலைக்கும் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்ட முடியாது. அதற்கு மேல் பெருக்கினால் மங்கல்தான் பெரிதாகும். கடை பெருக்கத்தை விற்கிறது. வாங்குபவருக்கு வேண்டியதோ ஒளியும், ஆடாத தாங்கியும்.

இனி, பலரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். இரவில் நிலாவும் கோள்களும் பார்க்க வேண்டும், பகலில் ஏரிக்கரையில் பறவை பார்க்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா? வீட்டில் ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கும் என்பதால் இது மிக நியாயமான கேள்வி. போதும். ஆனால் அந்தக் கருவி எது என்பதை இரவும் பகலும் நம் கண்ணிடம் என்ன கேட்கின்றன என்று தெரிந்துகொண்டால்தான் சொல்ல முடியும்.

இரவு கேட்பது ஒளியை. நன்றாக இருட்டிய இடத்தில் இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு அகலம், பரப்பில் நூறு மடங்கு. வெறுங்கண்ணுக்கு எட்டாத ஆயிரக்கணக்கான விண்மீன்கள் அந்த நூறு மடங்கு ஒளியில் வெளிப்படும். 70 மி.மீ. என்பது சின்னக் கருவிதானே என்று நினைக்க வேண்டாம். 1655-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சனியின் துணைக்கோளான டைட்டனைக் கண்டுபிடித்தபோது அவரிடம் இருந்த லென்ஸ் 57 மி.மீ.தான், உருப்பெருக்கம் ஏறத்தாழ 50. 1610-இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்ட கலிலியோவின் கருவியில் முழு நிலாவைக்கூட ஒரே பார்வையில் பார்க்க முடியாது, நிலாவின் குறுக்களவில் பாதிதான் தெரியும். இன்று கடையில் கிடைக்கும் நல்ல 70 மி.மீ. கருவி அந்த இரண்டையும்விடத் தெளிவாகக் காட்டும்.

70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட கருவியில் 10 மி.மீ. ஐபீஸைப் பொருத்தி, 70 மடங்கில் சனியைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு கடுகளவுதான். ஆனால் அந்தக் கடுகைச் சுற்றி வளையம் இருக்கும். வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே கறுப்பு இடைவெளி தெரியும். சற்றுத் தள்ளி ஒரு மங்கிய புள்ளி, அதுதான் டைட்டன். முதல் பத்து விநாடியில் எல்லாம் கலங்கிக் கிடக்கும். கண்ணை எடுக்காமல் காத்திருந்தால், காற்று அசையாமல் நிற்கும் ஒரு நொடியில் வளையத்தின் விளிம்பு கத்தி முனைபோலத் தெளிந்து, மறுபடி கலங்கும். அந்த நொடிக்காகக் காத்திருக்கப் பழகுவதுதான் வானம் பார்ப்பதில் முதல் பாடம். 2025 மார்ச்சில் வளையம் தன் விளிம்பை நம் பக்கம் திருப்பி ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அதன்பின் மெல்ல விரிந்துகொண்டு வருகிறது, 2032 வாக்கில் முழுதாக விரிந்திருக்கும்.

பகல் கேட்பது வேறு. பகலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும். அதைவிடத் தடிமனான ஒளிக்கற்றையைக் கருவி அனுப்பினாலும் மிச்சம் கண்ணுக்குள் நுழையாது. ஆகவே பெரிய ஆடி வாங்கியதன் பயன் பகலில் பெரும்பாலும் வீண். வீண் என்பதோடு போவதில்லை, தொல்லையும் உண்டு. நியூட்டன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கியில் குழாயின் வாயருகே, நட்டநடுவில், ஒரு சிறு ஆடி ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். இரவில் அது கண்ணுக்கே தெரியாது. 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தூரம் கொண்ட ஒரு கருவியில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டுப் பகலில் பாருங்கள். உருப்பெருக்கம் 26, வெளிவரும் ஒளிக்கற்றை 5 மி.மீ. நடு ஆடி முகப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்றால், கற்றையின் நடுவே ஒன்றரை மில்லிமீட்டருக்கு நிழல் விழும். உங்கள் கண்மணி இரண்டரை மில்லிமீட்டர்தான். காட்சியின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு மிதக்கும், தலையை அசைத்தால் அதுவும் அசையும். கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. பழுதில்லை, பகலில் அது அப்படித்தான்.

அதோடு, பிம்பம் தலைகீழ். விண்மீனுக்கு மேல் கீழ் கிடையாது, தலைகீழாகத் தெரிந்தாலும் ஒன்றும் குறையாது. கொக்குக்கு உண்டு. நியூட்டன் வகைக் கருவியில் பறவை தலைகீழாகத் தெரியும், அது இடப்பக்கம் பறந்தால் குழாயை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கை குழம்பும். பறவை பறந்து போயிருக்கும்.

மூன்றாவது, காற்று. குளிர்காலக் காலையில் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று, 400 மீட்டர் தொலைவில் நிற்கும் பூநாரையை 28 மடங்கில் பாருங்கள். பதினைந்து மீட்டருக்குள் நிற்பதுபோல் இருக்கும். வளைந்த இளஞ்சிவப்பு அலகு, அதன் கறுப்பு நுனி, தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் அலசுவது எல்லாம் பிசிறில்லாமல் தெரியும். அதே பறவையைப் பதினொரு மணிக்குப் பாருங்கள். கால்கள் நெளியும், கழுத்து இரண்டாகப் பிரிந்து சேரும். சேற்றுப் பரப்பு சூடேறி, அதன் மேல் காற்று கொதிக்கத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் 60 மடங்குக்குப் போனால் நெளிவுதான் பெருகும். நம் ஊர் வெயிலில் பகல் பார்வைக்கு 20 முதல் 30 மடங்குக்கு மேல் பெரும்பாலும் பயனில்லை, அதிகாலையைத் தவிர.

இப்போது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட லென்ஸ் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 28 மடங்கு, ஒளிக்கற்றை 2.5 மி.மீ. பகலில் சுருங்கிய கண்மணியின் அளவே அதுதான். நடுவில் நிழல் விழ வைக்க ஆடி எதுவும் இல்லை. ஐபீஸை மாற்றினால் அதே குழாய் இரவில் சனியின் வளையத்தைக் காட்டுகிறது. இரவும் பகலும் சந்திக்கும் இடம் 70, 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கிதான் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

லென்ஸுக்கும் ஒரு குறை உண்டு. அது ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு தூரத்தில் குவிக்கும், அதனால் பளிச்சென்ற பொருளைச் சுற்றி ஊதா நிற விளிம்பு கட்டும். இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இதைக் குறைக்கும் வழியை 1733-இல் செஸ்டர் மூர் ஹால் கண்டார். 1758-இல் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மலிவுக் கருவிகளிலும் அதே இரட்டை லென்ஸ்தான். விட்டத்தைவிடக் குவியத் தூரம் பத்து மடங்கு இருந்தால் ஊதா விளிம்பு பொருட்படுத்தாத அளவுக்குக் குறையும். 70-க்கு 400, 80-க்கு 400 என்று வரும் குட்டைக் குழாய்களில் வெள்ளிக் கோளைச் சுற்றியும், வெளுத்த வானத்துக்கு எதிரே நிற்கும் மரக்கிளையிலும் ஊதா நன்றாகவே தெரியும். பையில் போட்டுக்கொண்டு ஏரி ஏரியாகப் போகிறவர்களுக்குக் குட்டைக் குழாய் வசதி. மொட்டை மாடியே களம் என்பவர்கள் நீளமானதை வாங்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். ஐபீஸுக்கு முன்னால் ஒளியைத் திருப்பும் ஒரு துண்டு பொருத்துவார்கள். 90 பாகை திருப்பும் ஆடி இரவுக்கு, அதில் பிம்பம் நிமிர்ந்திருக்கும், இடம் வலம் மாறியிருக்கும். 45 பாகை திருப்பும் பிரிசம் பகலுக்கு, அதில் எல்லாம் உள்ளபடியே தெரியும். இரண்டும் இருந்தால் ஒரே குழாய் இரண்டு வேலையும் செய்யும். பிரிசம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உச்சி வானத்தைப் பார்க்க முயன்றால் கழுத்து போய்விடும்.

அடுத்தது தாங்கி. இதில்தான் மலிவுக் கருவிகள் மோசம் செய்கின்றன. 70 மடங்கில் பார்க்கும்போது குழாயின் நடுக்கமும் 70 மடங்காகத்தான் தெரியும். மெல்லிய அலுமினியக் கால்களில் நிற்கும் நல்ல லென்ஸைவிட, உறுதியான காலில் நிற்கும் சாதாரண லென்ஸ் அதிகம் காட்டும். கடையிலேயே சோதிக்கலாம். தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைக் குவியப்படுத்திவிட்டு, குழாயை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் எழுத்துகள் அசையாமல் நின்றால் வாங்கலாம். ஐந்து விநாடி கழிந்தும் ஆடினால் வேண்டாம். குவியத் திருகைத் திருப்பும்போது பலகை பார்வையைவிட்டு ஓடினாலும் வேண்டாம்.

மொட்டை மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு வெகு நேரம் வரை சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டில் எழும் காற்று கோள்களை நெளிய வைக்கும். பின்னிரவில், அல்லது மண் தரையில், அதே கருவி வேறு கருவிபோல் காட்டும். மாடியில் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் நடக்காமல் இருப்பதும் முக்கியம், தளத்தின் அதிர்வு கால்வழியே ஏறிவிடும்.

நமக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு 8 முதல் 13½ பாகை வடக்கே இருக்கிறது. வியாழனோ சனியோ வான்வழியில் எவ்வளவு தெற்கே போனாலும், சென்னையில் நடுவானைக் கடக்கும்போது ஐம்பது பாகைக்கு மேல் உயரத்தில் நிற்கும். லண்டனில் இருப்பவருக்கு அதே கோள் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில், தடித்த காற்றுப் படலத்துக்குள் தத்தளிக்கும். தெற்கில் ஒமேகா செண்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து நமக்கு ஏறத்தாழ 30 பாகை உயரம் எழும், ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது உதிப்பதே இல்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் வேணு பாப்பு அவர்கள் வானாய்வகம் அமைத்ததற்கும், 1986-இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டதற்கும் பின்னால் இந்தக் குறைந்த அட்சரேகையும் ஒரு காரணம். வட வானத்தையும் தென் வானத்தையும் சேர்த்துப் பார்க்க அங்கிருந்து முடியும்.

இதே நன்மை, வாங்குபவருக்கு ஒரு சிக்கலையும் கொண்டுவரும். பெரும்பாலான கருவிகள் நடு அட்சரேகை நாடுகளை மனத்தில் வைத்துச் செய்தவை. துருவ நட்சத்திரத்தை அச்சாக வைத்துச் சுழலும் தாங்கியை அங்கே 40, 50 பாகை சாய்த்து நிறுத்துவார்கள். இங்கே 10, 13 பாகைக்குத் தாழ்த்தினால் எடைக்கல் தொங்கும் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பகலில் பறவை பார்க்கவும் அந்தத் தாங்கி உதவாது. மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கிதான் தொடக்கக்காரருக்கு நல்லது. கோள்கள் தலைக்கு மேல் வரும்போது நீளக் குழாயின் அடிப்பாகம் முக்காலியில் முட்டுகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பகல் பார்வை தேவையே இல்லை, இருண்ட வானம் உள்ள ஊரில் இருக்கிறேன் என்பவருக்கு என் பதில் வேறு. டாப்சோனியன் என்னும் வகையில் 6 அங்குல ஆடித் தொலைநோக்கி வாங்குங்கள். விலை சில மடங்கு கூடுதல், எடையும் கூடுதல். ஆனால் 150 மி.மீ. ஆடி 70 மி.மீ. லென்ஸைவிட நாலரை மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். ஓரியன் நெபுலா புகைமூட்டமாக இல்லாமல் சிறகு விரித்த வடிவில் தெரியும், ஒமேகா செண்டாரி மாவு தூவியதுபோல் தனித்தனி விண்மீன்களாக உடையும். இந்த வகைக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன் 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு கருவி கட்டினார். இரவில் அதைத் தள்ளிக்கொண்டு போய் அக்கம்பக்கத்தாருக்குச் சனியைக் காட்டுவார். மடத்துக்கும் அவருக்கும் இது ஒத்துவரவில்லை, 1967-இல் வெளியேற வேண்டியதாயிற்று. அதன்பின் தெருமுனைகளே அவர் மேடை. பெரிய ஆடியைச் சாதாரண மனிதர் கைக்கு எட்ட வைத்ததில் அவருக்கு ஈடு யாருமில்லை என்பது என் எண்ணம்.

சென்னை, கோவை போன்ற நகரங்களின் நடுவில் இருந்தால் பெரிய ஆடியின் பலன் குறையும். வானத்தின் வெளிச்சத்தையும் அது சேர்த்தே திரட்டும். நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு நகர வெளிச்சம் தடையில்லை.

தவிர்க்க வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 127 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம் என்று எழுதியிருக்கும், ஆனால் குழாய் அரை மீட்டர்தான் இருக்கும். கோள வடிவ ஆடியின் குறையை மறைக்கக் குவியத் திருகுக்குள் ஒரு லென்ஸைச் செருகியிருப்பார்கள். பெரும்பாலும் அது குறையைச் சரியாகத் தீர்ப்பதில்லை, ஆடிகளை நேர்ப்படுத்துவதும் தொடக்கக்காரருக்குப் பெரும்பாடு.

இன்னும் மனம் முடிவுக்கு வரவில்லையென்றால் 10×50 பைனாகுலர் ஒன்றை வாங்கிவிடுங்கள். பிம்பம் நேராகத் தெரியும், இரு கண்ணாலும் பார்க்கலாம், பேருந்தில் எடுத்துப்போகலாம். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் அதில் அடங்கும், பல தொலைநோக்கிகளில் அடங்காது. கையை ஒரு சுவரில் அணைத்துப் பிடித்தால் வியாழனின் நிலவுகளும் தெரியும். பின்னால் தொலைநோக்கி வாங்கினாலும் பைனாகுலர் வீணாகாது. உங்கள் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் வானம் காட்டும் நிகழ்ச்சி நடத்தினால் போய், வெவ்வேறு கருவிகளில் கண் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது.

பகலில் தொலைநோக்கியைக் கையில் எடுப்பவர் சூரியனுக்கு அஞ்ச வேண்டும். ஒரு கணம் அதன் வழியே சூரியனைப் பார்த்தாலும் விழித்திரை கருகும், வலிகூடத் தெரியாது, பார்வை திரும்பாது. சில பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் சூரிய வடிகட்டி என்று கொடுப்பார்கள். அதைக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது எந்நேரமும் வெடிக்கலாம். உண்மையான சூரிய வடிகட்டி குழாயின் முகப்பை முழுவதுமாக மூடும். குழாயின் மேலே உள்ள, பொருளைத் தேடிப் பிடிக்க உதவும் சிறு ஃபைண்டருக்கும் மூடி போட வேண்டும். பறவையைத் தொடர்ந்து குழாயைத் திருப்பும்போது சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது, குழந்தையைத் தனியாகக் கருவியோடு பகலில் விடவும் கூடாது.

பகலிலேயே செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, பலர் இதைச் செய்யாமல்தான் இரவில் திணறுகிறார்கள். சூரியனுக்கு எதிர்ப்பக்கம், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்பேசிக் கோபுரத்தின் உச்சியைக் குறைந்த பெருக்கத்தில் காட்சியின் நடுவே கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி, அதன் குறுக்குக் கோடும் அதே உச்சியில் நிற்கும்படி செய்யுங்கள். இரவில் ஃபைண்டரில் வியாழன் நடுவில் வந்தால் பெரிய குழாயிலும் அது இருக்கும். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. 100 மடங்கில் ஒரு கோள் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் காட்சியைக் கடந்துவிடும். ஆகவே எப்போதும் 25 மி.மீ. ஐபீஸில் தேடிப் பிடித்து, பிறகே 10-க்கு மாறுங்கள். முதல் இரவு வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளாக இருக்கட்டும். முழு நிலாவில் நிழல் விழாது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். பாதி நிலாவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம் மலை முகடுகள் மட்டும் வெளிச்சத்தில் தனியே நிற்கும்.

கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் மேல்பூச்சை அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஐபீஸ்களை வையுங்கள். பனியில் நனைந்த குழாயை உடனே மூடிவிடாமல், மின்விசிறிக் காற்றில் உலர்ந்த பிறகு மூடுங்கள். லென்ஸில் தூசு படிந்திருந்தால் ஊதும் பந்தால் ஊதிவிட்டால் போதும். சட்டை நுனியால் துடைக்கவே வேண்டாம்.